கொடுக்காத சீர்

அம்மாவின் வாயில் ஊக்குகள் இருந்தன. உதடுகளுக்கு நடுவே வரிசையாகக் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் புடவையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வாயில் ஊக்கு இருக்கிற வரைக்கும் அம்மாவால் திட்ட முடியாது, கேள்வி கேட்க முடியாது, மிஞ்சிப்போனால் ம் என்பாள் அல்லது ம்ஹூம் என்பாள், ஆகவே சொல்வதென்றால் இதுதான் நேரம் என்று இந்துஜா நினைத்தாள். நினைத்துக்கொண்டே, உள்பாவாடை நாடா இடுப்பை அறுக்கிறதே என்றும் நினைத்தாள். இப்படி இறுக்கிக் கட்டினால் மனுஷி எப்படிச் சாப்பிடுவாள், ஃபேர்வெல்லில் பிரியாணி போடப்போகிறார்களாம். பிரியாணியை நினைக்கிற நேரமா இது. மூன்று வருஷம் பிசிக்ஸ் படித்தாயிற்று, இன்றைக்கு ஜூனியர் பிள்ளைகள் மேடை போட்டு வழியனுப்புகிறார்கள், பெண்களெல்லாம் புடவையில்தான் வரவேண்டும் என்று வாட்ஸப்பில் ஆளாளுக்கு உத்தரவு போட்டாயிற்று. இந்துஜாவுக்குப் புடவை கட்டத் தெரியாது. அதனால் அம்மாவின் மாம்பழக் கலர் பட்டு, அரக்கு பார்டர், அந்துருண்டை வாசனையோடு பீரோவிலிருந்து இறங்கி வந்து இப்போது அவள் இடுப்பைச் சுற்றுகிறது. "ஹைய ஹூக்கு," என்றாள் அம்மா, ஊக்குகளுக்கு இடையில். கையைத் தூக்கினாள். சொல்லிவிடு, தூக்கிய கையோடு சொல்லிவிடு, போலீஸ்காரன் முன்னால் நிற்கிற மாதிரிதானே நிற்கிறாய். தினகர் எனக்கு அண்ணன் இல்லம்மா. அவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சுதான் நேற்று சாயங்காலத்திலிருந்து நெஞ்சுக்குள் ஏறுகிறது, இறங்குகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது.

நேற்று காலேஜ் வாசலில், பஸ்கள் இரைகிற சத்தத்தில் தினகர் சொன்னான். "நாளன்னிக்கு நான் உங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும்னா, அதுக்கு முன்னாடி உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கணும். அவங்க யாருன்னு நெனச்சு எனக்கு சோறு போடறாங்களோ, அது நான் இல்ல. இனிமே அந்த சோத்த என்னால சாப்பிட முடியாது." கோபமாகச் சொல்லவில்லை. மிரட்டவும் இல்லை. சொல்லிவிட்டுப் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டான், அது அவன் சங்கடப்படும்போது செய்கிற காரியம். அவனுக்கு இந்த வருஷம் எம்.எஸ்ஸி. முடிகிறது. திங்கட்கிழமை பெங்களூருக்குப் போகிறான், அங்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. போவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை, அதாவது நாளைக்கு, மதியம் விருந்துக்கு வந்துவிட வேண்டும் என்று அம்மா போன வாரமே அவனிடம் போனில் சொல்லியாயிற்று. வாழை இலைக்குச் சொல்லியாயிற்று. அவன் வரவில்லை என்றால் அம்மா ஏன் என்று கேட்பாள். அவன் வந்துவிட்டால் இந்துஜா அவன் முகத்தைப் பார்க்க முடியாது. இன்றைக்குச் சொன்னால் இரண்டில் ஒன்று, நாளைக்கு வருவான் அல்லது இனி இந்த வாசலை மிதிக்கவே முடியாமல் போய்விடும். சொல்லாவிட்டால் அவனே வரமாட்டான், திங்கட்கிழமை ரயில் ஏறிவிடுவான், பிறகு பெங்களூர் என்ன பக்கத்துத் தெருவா. நாடா அறுக்கிறது. அம்மா பின்பக்கமாகப் போய் எதையோ இழுத்தாள், புடவை சரசரவென்று நகர்ந்தது, முதுகில் அம்மாவின் மூச்சு பட்டது. காலையில் குடித்த காபி வாசனை.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்த வினை. முதல் வருஷம், முதல் நாள், திருச்சியின் அத்தனை வெயிலும் அந்த காலேஜ் மைதானத்தில்தான் கொட்டிக் கிடந்தது. டிபார்ட்மெண்ட் எது, நூலகம் எது, ஒன்றும் தெரியாமல் நின்றபோது எதிரே ஒருத்தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். "அண்ணா, பிசிக்ஸ் டிபார்ட்மெண்ட் எங்கண்ணா?" ஒரே கேள்வியில் இரண்டு அண்ணா. ஒன்றாவது குறைத்திருக்கக்கூடாதா. பயந்த பெண்ணுக்கு அந்த வார்த்தை ஒரு குடை மாதிரி, யாரைப் பார்த்தாலும் சட்டென்று விரித்துப் பிடித்துக்கொள்வாள். பஸ் கண்டக்டர் அண்ணா, ஜெராக்ஸ் கடை அண்ணா, சீனியர் அண்ணா. பிடித்த குடையை எப்போது மடக்குவது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அவன் வழி காட்டினான், அவனும் அதே டிபார்ட்மெண்ட்தான், மூன்றாம் வருஷம். அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஒரு மழை நாளில் அம்மா குடை கொண்டுவந்தாள், நிஜக் குடை, பஸ் ஸ்டாப்பில் இந்துஜா அவனோடு பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். "யாருடி அது?" என்றாள், குரலில் கொஞ்சம் முள்ளோடு. "எங்க டிபார்ட்மெண்ட் அண்ணாம்மா." முள் எங்கே போயிற்றோ தெரியவில்லை, அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. ஹாஸ்டலா, எந்த ஊரு, ஜெயங்கொண்டம் பக்கமா, ஹாஸ்டல்ல என்னத்த சாப்பாடு போடறாங்க, இப்படி எலும்பா இருக்கியேப்பா, ஒரு நாள் வீட்டுக்கு வா. அவ்வளவுதான். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸின் இரும்புக் கதவு அவனுக்குத் திறந்துவிட்டது. அண்ணா என்றால் திறக்காத கதவு நம் ஊரில் உண்டா.

முந்தானையை மடித்துத் தோளில் போட்டுப் பார்த்து, நீளம் போதவில்லை என்று எடுத்துவிட்டு, மறுபடி மடித்தாள் அம்மா. அம்மாவின் விரல்களில் வெங்காய வாசனை இருக்கும் என்று நினைத்தாள், இல்லை, இன்றைக்கு சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறாள், பட்டைத் தொடுவதற்காக. இந்த விரல்களால்தான் புதன்கிழமை தோறும் இரண்டாவது டப்பா கட்டினாள். இது ஒனக்கு, இது தினகருக்கு. அவனுக்கு வெண்டைக்காய் புளிக்குழம்பு பிடிக்கும் என்று கண்டுபிடித்த அன்றிலிருந்து வீட்டில் வெண்டைக்காய்தான், அப்பா ஒரு நாள் தட்டைப் பார்த்துவிட்டு, "நீ எனக்கு சமைக்கறியா, ஒன் பையனுக்கு சமைக்கறியா?" என்றார். அம்மா சிரிக்கவில்லை. இந்துஜாவுக்கு முன்னால் ஒன்று வயிற்றில் தங்காமல் போயிருந்தது. அது பையன்தான் என்று அம்மா தானாகவே முடிவு கட்டி வைத்திருக்கிறாள், எந்த டாக்டரும் சொல்லவில்லை. தினகரைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவுக்கு அந்தக் கணக்கு ஓடும், இருந்திருந்தால் இந்த வயசு, இந்த உயரம். அந்த மகனைத்தான் இப்போது இந்துஜா அம்மாவிடமிருந்து பிடுங்கப்போகிறாள். காதலிக்கிறேன் என்று சொல்வதுகூட இல்லை பயம். நீ மகன் என்று நினைத்த ஆள் மகன் இல்லை என்று சொல்கிற பயம். "ஹோள நிமித்து," என்றாள் அம்மா. தோளை நிமிர்த்தினாள். ஊக்கு ஒன்று வாயிலிருந்து வந்து ரவிக்கையில் ஏறியது, நுனி லேசாகத் தோலைத் தொட்டு விலகியது. குத்தவில்லை. அம்மா குத்தமாட்டாள், எத்தனை வருஷம் ஜடை பின்னியிருக்கிறாள், ஒரு தடவை முடி இழுத்து வலித்ததாக ஞாபகம் இல்லை. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்லி நன்றி என்பது. அம்மாவிடம் நன்றி என்று சொன்னால், என்னடி ஒடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

பொங்கலுக்கு மறுநாள் கனு. அதை நினைக்கும்போது மட்டும் இந்துஜாவுக்கு சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வரும், இப்போதும் வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். காலையில் மொட்டைமாடியில் மஞ்சள் இலையை விரித்து, மஞ்சள் சோறு, சிவப்புச் சோறு, தயிர்ச் சோறு என்று பிடிபிடியாக வைத்துக் காக்காயைக் கூப்பிட்டு, உடன்பிறந்தவன் நன்றாயிருக்க வேண்டும் என்று பெண்கள் வேண்டிக்கொள்கிற நாள். அம்மா தன் தம்பிக்காக வைப்பாள். இந்துஜா உடன்பிறந்தான் இல்லாத பெண், சும்மா கூட வைப்பாள். இந்த வருஷம் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "தினகருக்கும் சேத்து வேண்டிக்கடி, நல்ல எடத்துல சேரணும்னு," என்றாள். கையில் மஞ்சள் சோற்றை வைத்துக்கொண்டு அவள் நின்றாள். வைக்கவா, வேண்டாமா. வைத்தால் காக்காயைச் சாட்சி வைத்து அவனை அண்ணனாக்கிய மாதிரி ஆகிவிடுமா? வைக்காவிட்டால் அவனுக்கு ஏதாவது கெடுதல் வருமா? அவன் நன்றாயிருக்க வேண்டும், அது மட்டும் நிச்சயம், ஆனால் அண்ணனாக இல்லை, கடவுளே, கொஞ்சம் வேறுமாதிரி எழுதிக்கொள். கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிட்டாள். காக்காய் வந்து முதலில் அவள் வைத்ததைத்தான் எடுத்தது. "பாத்தியா," என்றாள் அம்மா, பரம சந்தோஷம். இந்துஜாவுக்கு அந்தக் காக்காயின் கழுத்தைத் திருகலாம் போல இருந்தது. பாவம், அதற்குப் பசி, அதற்கென்ன தெரியும்.

அன்றைக்கு சாயங்காலமே அவன் ஊரிலிருந்து வந்து நின்றான், கையில் ஒரு பை, வீட்டு முந்திரி. "இது உங்களுக்கு ஆன்ட்டி," என்றான். அம்மா பையை வாங்கிக்கொண்டு விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். "எனக்கு இருக்கட்டும். இன்னைக்கு கனு. அண்ணன்காரன் தங்கச்சிக்கு சீர் குடுக்கற நாளு. இவளுக்கு என்ன கொண்டுவந்தே?" அவன் நின்ற நிற்பு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. சட்டைப் பையில் கையை விட்டான், வெறும் கையை வெளியே எடுத்தான், தோள்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். அம்மா விடவில்லை. "ஒரு பத்து ரூபா வெத்தலையில வெச்சுக் குடுத்தாக்கூட சீருதாம்ப்பா. பேருக்குக் குடு." அப்பா ஊஞ்சலிலிருந்து, "படிக்கிற பையன்கிட்ட என்ன சீரு, வேலைக்குப் போகட்டும், வட்டியோட வாங்கிக்கலாம்," என்று சிரித்துக் காப்பாற்றினார். அவனும் சிரிக்கப் பார்த்தான். தண்ணீர் குடித்தான். கொடுக்கவில்லை. கேட் வரைக்கும் வழியனுப்பப் போனபோது, இந்துஜாவுக்குக் கொஞ்சம் கோபம்கூட இருந்தது, ஒரு பத்து ரூபாய், பேருக்கு, அம்மாவின் மனசு கோணாமல் கொடுத்துத் தொலைத்திருக்கலாமே. கேட்டில் கை வைத்துக்கொண்டு அவன் சொன்னான். "ஆன்ட்டி வேற எது கேட்டாலும் குடுத்திருப்பேன் இந்துஜா. அது மட்டும் என்னால முடியாது." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கேட்டைச் சாத்தினாள், கொக்கி போட்டாள், நாலு எட்டு வைத்தாள், அப்புறம்தான் விளங்கியது, விளங்கினதும் மறுபடி போய்ப் போட்ட கொக்கியையே எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். அடக்கடவுளே, இவ்வளவு நாள் அந்த ஆசை தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள்.

முந்தானை முடிந்தது. அம்மா இப்போது முன்னால் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள், கொசுவம் வைப்பதற்கு. இன்னும் வாயில் ஊக்கு இருக்கிறது. இன்னும் நேரம் இருக்கிறது. அம்மாவின் வகிடு கீழே தெரிந்தது, வகிட்டின் இரண்டு பக்கமும் நரை எட்டிப் பார்க்கிறது, எப்போது வந்தது இது. கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் புடவையை அளந்து அளந்து மடித்துக்கொண்டே போனாள். கனுவுக்கு அப்புறம் அண்ணா என்கிற அந்த வார்த்தை இந்துஜாவின் வாயில் வரவே இல்லை. வேறு வார்த்தையும் இல்லை. தினகர் என்று பேரைச் சொல்லிக் கூப்பிட நாக்கு எழவில்லை, இரண்டு வருஷம் மூத்தவனை எப்படி. அதனால் ஹலோ என்பாள், இங்க பாருங்க என்பாள், பக்கத்தில் போய் நின்று இருமுவாள். ஒரு நாள் கேன்டீன் கூட்டத்தில் அவன் போய்க்கொண்டே இருந்தான், அவசரத்தில் அவளையும் அறியாமல், "ஏங்க," என்று கத்திவிட்டாள். எங்கள் வீட்டில் அம்மா அப்பாவைக் கூப்பிடுவாளே, அதே ஏங்க, அதே இழுப்பு. பக்கத்தில் நசீமா, உயிர்த் தோழி, வடையைக் கீழே வைத்துவிட்டாள். "ஏங்கவா? எங்களுக்கெல்லாம் சொல்லாம கல்யாணமே ஆயிடுச்சாடி?" அவன் திரும்பினான். காது மடல் சிவந்திருந்தது. "என்னங்க," என்றான். அவனும் அதே மரியாதையில். அன்று பூராவும் இந்துஜா சாப்பிடவில்லை, பசிக்கவில்லை, பசி என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே தெரியவில்லை.

அதற்கெல்லாம் முன்னால், ஆரம்பம் எது என்று தேடிப்போனால், அந்த இருட்டறை. முதல் வருஷ லேப். ஸ்பெக்ட்ரோமீட்டர் வைத்த அறையில் சோடியம் விளக்கு மட்டும் எரியும், மஞ்சளாக, அந்த வெளிச்சத்தில் எல்லார் முகமும் ஒரே சாம்பல் நிறம். குழாயில் கண்ணை வைத்தால் இரண்டு மஞ்சள் கோடு தெரிய வேண்டும். எல்லாருக்கும் தெரிந்தது. எல்லாரும் அளந்து எழுதிவிட்டுப் போனார்கள். அவளுக்கு இருட்டுதான் தெரிந்தது. தான் முட்டாள் என்று அன்றைக்கு முடிவே செய்துவிட்டாள், கண்ணீரில் அந்த இருட்டும் கலங்கியது. பக்கத்து மேஜையில் வேறு எதற்கோ வந்திருந்த அவன் எட்டிப் பார்த்தான். கருவியைத் தொடவில்லை, நகரு நான் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. "ஒடனே தெரியாது. கண்ணு இருட்டுக்குப் பழகணும். ஒண்ணும் செய்யாம சும்மா பாத்துட்டே இரு," என்றான், கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டான். சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். மெல்ல, மெல்ல, முதலில் ஒன்று, அது இரண்டாகப் பிரிந்து, பக்கத்தில் பக்கத்தில், மயிரிழை இடைவெளியில் இரண்டு கோடுகள். அப்படி ஒரு மஞ்சளை அவள் பார்த்ததே இல்லை. அதுவரைக்கும் அவளை எல்லாரும் சீக்கிரம் சீக்கிரம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், ஸ்கூலில், பஸ்ஸில், வீட்டில். மெதுவாகப் பார் என்று சொன்ன முதல் ஆள் அவன். அதற்கு அவள் அன்றைக்கு என்ன சொன்னாள்? "தேங்க்ஸ் அண்ணா." நல்லவேளை, சோடியம் வெளிச்சத்தில் அவன் முகம் எப்படிப் போயிற்று என்று தெரியாது.

அவன் நினைத்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். நாளைக்கு வந்து இலையில் உட்கார்ந்து, பாயசம் வரைக்கும் சாப்பிட்டு, அம்மாவின் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். பெங்களூரிலிருந்து ரகசியமாகப் போன் பண்ணிக்கொண்டு, அண்ணன் என்கிற போர்வைக்குள் இன்னும் இரண்டு வருஷம் ஓட்டியிருக்கலாம், ஓட்டுகிறவர்கள் இல்லையா. அவன் சோற்றைத் தள்ளி வைத்தான். அம்மாவின் சோற்றை ஏமாற்றிச் சாப்பிட மாட்டேன் என்கிறவனை நினைத்தால் நெஞ்சு நிறைந்துபோகிறது, அதே சமயம் பொறுப்பை முழுசாக என் தலையில் கட்டிவிட்டானே என்று எரிச்சலும் வருகிறது, இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அம்மா என்ன கேட்பாள் என்று இந்துஜா நேற்று ராத்திரி முழுக்கப் பதில் தயார் பண்ணினாள். எப்போலேர்ந்து, அதற்கு ஒரு பதில். எங்கெங்க போனீங்க, எங்கேயும் போகலை, சத்தியமாக, காவேரிப் பாலத்தில் ஒரே ஒரு தடவை நடந்தோம், நசீமாவும் இருந்தாள். படிப்பு என்னாவது, எம்.எஸ்ஸி. கட்டாயம் படிப்பேன். இன்னொன்று வரும், அதற்கு மட்டும் பதிலை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவங்க என்ன ஆளுங்க? பதில் தெரியும். அந்தப் பதிலைக் கேட்டால் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போவார் என்பதும் தெரியும். அம்மா அதைத்தான் முதலில் கேட்பாள். எல்லா அம்மாக்களும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அப்புறம் இந்தப் புடவை, இந்த மண்டியிடல், இந்த வெதுவெதுப்பு, எல்லாம் என்னாகும்? கொசுவம் மடிப்பு மடிப்பாக அம்மாவின் கையில் சேர்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம்தான் புடவை பாக்கி. சொருகிவிட்டால் அம்மா எழுந்துவிடுவாள், ஊக்கை எடுத்துவிடுவாள், நேரம் முடிந்துவிடும். வேண்டாம், சாயங்காலம் வந்து சொல்லலாம். சாயங்காலம் அப்பா இருப்பார். சரி, போய்விட்டு, மெசேஜில் எழுதலாம். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், பக்கத்து வீட்டில் காட்டிப் படிப்பாள். வெளியே அப்பா ஸ்கூட்டரைத் துடைக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா, தினகர் எனக்கு அண்ணன் இல்லம்மா."

"ம்," என்றாள் அம்மா. பாதி காதில் வாங்கிய ம். இன்னொரு மடிப்பு மடித்தாள். அப்புறம் கை நின்றது. தலையை நிமிர்த்திப் பார்த்தாள், கீழேயிருந்து, மண்டியிட்டபடி. இந்துஜா அந்தப் பார்வைக்கு மேலே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. "அவரு எப்பவுமே என்கிட்ட அப்படிப் பேசினதில்லம்மா. நான்தான் சொன்னேன். மொத நாள் தெரியாம சொல்லிட்டேன், உங்கிட்டயும் அதையே சொல்லிட்டேன், அப்பறம் எப்படி மாத்தறதுன்னு தெரியல. உங்கிட்ட சொல்லாம இனிமே உன் கையால சாப்பிட மாட்டேன்னு அவரு சொல்லிட்டாரு." அவரு, அவரு என்று இரண்டு தடவை சொன்னது தன் காதிலேயே விழுந்தது. அம்மா ஊக்குகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துத் தாலிச் சங்கிலியில் மாட்டினாள். அதற்காகக் கையை விட்டபோது கொசுவம் முழுவதும் நழுவித் தரையில் விழுந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. கட்டில் விளிம்பில் போய் உட்கார்ந்தாள். இந்துஜா அறை நடுவில் நின்றாள், பாதிப் புடவை இடுப்பில், பாதி தரையில், ஓடவும் முடியாது, உட்காரவும் முடியாது.

"அவன மகன்னு நெனச்சேன்டி," என்றாள் அம்மா. அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும், திட்டு வாங்கிப் பழக்கம் உண்டு, அழுதுவிட்டுப் போகலாம். கோபம் இல்லை. எதையோ கைதவறிக் கீழே போட்டுவிட்டவள் மாதிரி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கனு அன்னைக்கு நான்பாட்டுக்கு சீர் குடு, சீர் குடுன்னு அந்தப் பையனப் போட்டு…" என்று பாதியில் நிறுத்தினாள். "நீ கேட்டதாலதாம்மா எங்களுக்கே தெரிஞ்சுது," என்றாள் இந்துஜா. வெளியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "இன்னும் ஆகலயா? போற வழியில பெட்ரோல் வேற போடணும்." இப்போது அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், இங்க வாங்க என்று ஒரு வார்த்தை. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கொசுவம் சரியா வரல. இருங்க, அவசரப்படுத்தாதீங்க," என்றாள், தினசரி எப்படிச் சொல்வாளோ அதே குரலில்.

எழுந்து வந்து மறுபடி மண்டியிட்டாள். தரையில் கிடந்ததை வாரி எடுத்து, உதறி, முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தாள். இந்துஜா அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. இப்போது வரும்.

"அவனுக்கு அப்பா இருக்காரா?"

"இருக்காரும்மா. முந்திரித் தோட்டத்துல வேல."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு அக்கா. கல்யாணம் ஆயிடுச்சு."

அம்மா தலையை ஆட்டினாள். மடித்துக்கொண்டே இருந்தாள். "இது ஒண்ணுமே எனக்குத் தெரியல பாரு. இத்தன நாளா வந்து போறான், அவன் அப்பா என்ன பண்றாருன்னு ஒரு தடவகூட நான் கேக்கல. மகன்னா ஒண்ணும் கேக்கத் தோணாது. பசிக்குதான்னு மட்டுந்தான் கேப்போம்." கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்து இடுப்பில் சொருகினாள், சங்கிலியிலிருந்து ஓர் ஊக்கை எடுத்துக் குத்தினாள், வயிற்றில் அம்மாவின் விரல் முட்டிகள் அழுத்தின. "இப்ப கேக்கணும். நெறைய கேக்கணும்."

"கேளும்மா," என்றாள் இந்துஜா. எந்தக் கேள்வியானாலும் சரி, அந்தக் கேள்வியானாலும் சரி, நின்று பதில் சொல்லிவிட வேண்டியதுதான்.

"உங்கிட்ட எதுக்கு? நாளைக்கு அவன் வருவான்ல, அவங்கிட்ட கேட்டுக்கறேன்."

இந்துஜாவுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு வந்தது. அம்மா நிமிராமலே சொன்னாள். "சரின்னு சொல்லல. வரச் சொல்லுன்னுதான் சொன்னேன். அப்பாகிட்ட இப்ப மூச்சு விடாத, அத நான் பாத்துக்கறேன்." "சரிம்மா." "அழாத. மை இழுவிரும்." குனிந்து, பாதத்துக்கு மேல் புடவைக் கரையைச் சுற்றிச் சுற்றி இழுத்துச் சரி பண்ணிக்கொண்டிருந்தாள். இந்துஜா அந்தத் தோளில் கை வைத்தாள். அம்மா தன் மகனை இந்த அறையில்தான் இழந்தாள், இப்போதுதான், அரை மணிகூட ஆகவில்லை, அழக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல் மகளுக்குப் புடவை கட்டி முடிக்கிறாள். இந்த மனுஷிக்குப் பிறந்தோமே என்று இந்துஜாவுக்கு உடம்பெல்லாம் நன்றியாக இருந்தது. தோளில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா அந்தக் கையின் மேல் கன்னத்தைச் சாய்த்தாள், கன்னம் ஈரமாக இருந்தது.